மேல்மண்ணைப் பார்த்து வைத்த பெயர்

என் தம்பி ஜீவன் எந்த ஊருக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டே நடப்பான். ரொம்பப் பணிவானவன் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. பணிவாவது ஒன்றாவது, மண்ணைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்ட குழியை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்று, தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்டவன் அவன். காஜாங்குக்குச் சாத்தே, அதுதான் குச்சியில் குத்திச் சுட்ட கறி, சாப்பிடக் கூட்டிப்போனால், பக்கத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்தில் போய்க் குந்திக்கொள்வான். இங்கே தட்டு ஆறிப்போகும். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

அவன் வேலையே அதுதான். ஷா ஆலாமில் ஒரு கம்பெனி. ஒரு நிலத்தில் யாராவது எண்ணெய்ப்பனை நடவோ பழத்தோட்டம் போடவோ நினைத்தால், முதலில் இவனைப் போன்றவர்களை அனுப்பி, அங்கே இருப்பது என்ன மண், அதற்கு என்ன பெயர், எதற்கு ஆகும் என்று பார்க்கச் சொல்வார்கள். நீளமான திருகுக்கம்பியைத் தரையில் முறுக்கி இறக்கி அடிமண்ணை வெளியே எடுப்பான். விரலில் தேய்ப்பான், முகர்வான், ஒரு வண்ணப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மண் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பான். பிறகு அதற்கு ஒரு பெயர் சொல்வான். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். மண்ணுக்குப் பெயர் சொன்னால் சம்பளம் கொடுப்பார்களா என்று ஆரம்பத்தில் அவனைக் கொஞ்சநஞ்சமா கிண்டல் செய்தேன்!

கனடாவுக்குப் போய் வந்த பிறகுதான் பித்து முற்றியது. அங்கே சஸ்காட்செவன் என்று ஒரு மாநிலம், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அங்கிருந்த மண் பரிசோதனைக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்தான். திரும்பி வந்தவன் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினானா, பனியைப் பற்றிப் பேசினானா? அதெல்லாம் கிடையாது. அந்த ஊர்க் கறுப்பு மண்ணைப் பற்றிப் பேசிப் பேசி எங்கள் காதைப் புளிக்க வைத்தான்.

ஒரு காலத்தில் அந்த நாட்டின்மேல் மலை உயரத்துக்குப் பனிக்கட்டி கிடந்ததாம். அது மெல்ல மெல்ல நகர்ந்து, வழியிலிருந்த பாறையையெல்லாம் நசுக்கி, களிமண், மணல், உருண்டைக்கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிப் போட்டுவிட்டு உருகிப் போய்விட்டதாம். ஆறு கொண்டுவந்து போட்டிருந்தால் கல்லை ஒரு பக்கம், மணலை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டிருக்கும், பனிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது என்பான். அந்தக் குழப்பத்தின்மேல் புல் முளைத்தது. புல்லின் வேர் வருஷா வருஷம் செத்து, குளிரில் முழுசாக மக்காமல் கறுத்துக் கறுத்து, முழங்கை ஆழத்துக்குக் கறுப்பு மண்ணாகிவிட்டது. கையில் எடுத்தால் ரவை மாதிரி பொலபொலவென்று உதிருமாம். அதற்குக் கீழே பழுப்பு மண். இன்னும் கீழே போனால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அதற்கும் அடியில்தான் பனி போட்டுவிட்டுப்போன கல்லும் களியும். இதைச் சொல்லும்போது அவன் கை அந்தரத்தில் ஒவ்வோர் அடுக்காக இறங்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் குழியை எத்தனை முறை தோண்டியிருப்பான் என்று கணக்கே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் விடாமல் சொல்வான். அதே புல்வெளியில் கொஞ்சம் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கேயும் மேல்மண் கறுப்புதான். ஆனால் தோண்டினால் அடியில் சாம்பல் நிறம் வரும். அது வேறு இனம், வேறு பெயர், வேறு குணம். கறுப்பாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது. அடி வரைக்கும் பார்க்காமல் பெயர் வைக்கிறவன் மண்ணுக்காரனே இல்லை என்பான். வேறு எதிலும் அவன் பெருமையடித்து நான் கேட்டதில்லை.

கிள்ளானில் மேரு ரோட்டுப் பக்கம் ஒரு தாமானில்தான் அவன் வீடு, வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு. கல்யாணமே வேண்டாம் என்று சுற்றிக்கொண்டிருந்தவன் நாற்பதைத் தாண்டி மாதவியைக் கட்டினான். மாதவி ரவாங் பெண். அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள். அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணம் கோர்ட்டுக்குப் போய் முறிந்தது. காரணம் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அந்தப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. முன்பு அது இருந்த தோட்டம் விற்றுப்போனபோது கோயிலை மட்டும் நகர்த்தி, ஒரு பாக்டரிச் சுவருக்கும் தாமானுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு அங்கே முளைப்பாரி எடுப்பார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு மண்சட்டியில் மண்ணும் காய்ந்த சாணமும் போட்டுத் தானியங்களை விதைத்து, கோயிலை ஒட்டியிருக்கும் இருட்டறையில் வைக்கவேண்டும். தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டி வளர்த்து, திருவிழா அன்றைக்குத் தலையில் சுமந்துபோய் ஆற்றில் விடுவார்கள். அந்த அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. சட்டிக்குப் போடும் மண்ணில் ஆண் கை படக்கூடாது, அவரவர் மண்ணை அவரவரே கொண்டுவர வேண்டும். முளை அடர்த்தியாக வந்தால் ஆத்தா மனம் குளிர்ந்தாள் என்று அர்த்தம். வராவிட்டால் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

முளைப்பாரிப் பெண்களுக்குத் தலைவி தனலெட்சுமி அக்கா. பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவர். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்தபோது அந்தத் தாமானுக்கே சோறு வடித்துப் போட்டவர். ஆனால் மாதவியிடம் மட்டும் இரண்டு வருஷமாக முளைப்பாரிப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் அவராகவே வீட்டு வாசலில் வந்து நின்று, நீயும் ஒரு சட்டி போடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாராம். மாதவி எனக்கு உடனே போன் செய்தாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று மாலையே நர்சரிக்குப் போய் ஒரு பை மண் வாங்கி வைத்துவிட்டாள்.

அந்தப் பை அப்படியே கிடந்தது. காரணம் என் தம்பி.

ஜீவனுக்குக் கமலநாதன் என்று ஒரு சிநேகிதன். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவன். காப்பார் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் புதுசாக வடிகால் தோண்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், கரையில் குவித்துப் போட்டிருந்த மண்ணை ஜீவன் பார்த்திருக்கிறான். காலையில் பெய்த மழையில் நனைந்து கன்னங்கரேலென்று இருந்ததாம். காரிலிருந்த வண்ணப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தானாம். கனடா மண் எந்தக் கட்டத்தில் விழுமோ அதே கட்டம்! ஆபீசில் நான் தலைபோகிற வேலையில் இருக்கிறேன், போனில் இவன் மூச்சு வாங்குகிறான். “அக்கா, அதே கறுப்பு லா. கிள்ளான்ல, நம்ம கிள்ளான்ல!” எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

அதை இரண்டு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். மாதவி சட்டியில் இதுதான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆண் கை படக்கூடாதே என்று அவள் தயங்கியதற்கு, கையால் எங்கே தொட்டேன், மண்வெட்டியால்தானே தொட்டேன் என்று சிரித்தானாம். ஊரெல்லாம் எனக்குக் கூலி கொடுத்து மண் பார்க்கச் சொல்கிறது, என் பெண்டாட்டிக்கு நான் பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டானாம். அப்படி ஆசையாகக் கேட்கிறவனிடம் எவள் மாட்டேன் என்பாள்? மேலாகக் கிடந்த கறுப்பு மண்ணைச் சாணத்தோடு பிசைந்து சட்டியை நிரப்பினாள். கோயிலில் யாரும் எங்கேயிருந்து மண் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முந்திய வாரம் சனிக்கிழமை நான் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். நேரே கோயிலுக்குப் போய் அந்த அறைக்குள் நுழைந்தேன். இருட்டில் எல்லாச் சட்டியும் வெளிர்மஞ்சளாக, நெருக்கமாக, விரல் நீளத்துக்கு முளைத்து நின்றன. மாதவி சட்டி மட்டும் அப்படி இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, தலை கருகிக் கூனிக்கிடந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை, பழுப்பாக ஒரு முண்டு. வெளியே குழாயடியில் ஒருத்தி எனக்குக் காது கேட்கவேண்டும் என்றே பேசினாள். ஒரு வீட்டை விட்டு வந்தவள் கைராசி வேறு எப்படி இருக்கும் என்றாள். நான் சும்மா இருப்பேனா? உன் வீட்டு ராசியைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நீ இந்தத் தாமானிலேயே இருக்கமுடியாது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வரும்போது சட்டியின் அடியிலிருந்து ஒரு மண்கட்டியைக் கிள்ளி டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாதவி அன்று வேலைக்குப் போயிருந்தாள். ஜீவன் வீட்டில் தனியாக இருந்தான். சட்டி இருக்கிற இலட்சணத்தைப் பற்றி அவள் அவனிடம் மூச்சுவிட்டிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, கட்டியை அவன் கையில் வைத்தேன். அவன் அதை இரண்டாக உடைத்தான். உள்ளே மஞ்சள் கோடுகள். வைக்கோல் நிறத்தில், திட்டுத் திட்டாக. அவன் முகத்தில் ஈயாடவில்லை. போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து, மண்ணைக் கரைத்து, புளிப்பைச் சோதிக்கிற காகிதத்துண்டு ஒன்றை நனைத்தான். அது சிவப்பாக மாறியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

பிறகுதான் விளக்கினான். கிள்ளான் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல் சேறு. அந்தச் சேற்றுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உறைந்து கிடக்கின்றன. தண்ணீருக்கடியில் இருக்கும் வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தோண்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டால் புளிக்க ஆரம்பிக்கும். காயக் காய இன்னும் புளிக்கும். புளியென்றால் சாதாரணப் புளி இல்லை, வேரைச் சுட்டுவிடும். உடைத்தால் மஞ்சளாகக் கோடு ஓடுவதுதான் அதற்கு அடையாளம். இது எங்கள் வேலையில் முதல் வருஷப் பாடம் அக்கா என்றான். புல் செத்துக் கறுத்த மண்ணும் கடல் சேற்றுக் கறுப்பும் புத்தகத்தில் ஒரே கட்டத்தில் விழுந்தன. அவன் அடியைப் பார்க்கவில்லை, உடைத்துக்கூடப் பார்க்கவில்லை. கனடா ஞாபகத்தில் மயங்கிப்போய்விட்டான்.

சரி, தெரிந்துவிட்டதல்லவா, எழுந்து வா, தனலெட்சுமி அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அவன் அசையவில்லை. அவர்களுக்குப் புரியாது என்றான். ஆண் தொட்ட மண் என்று வேறு பேச்சாகும் என்றான். கடைசியில்தான் உண்மை வந்தது. அவன் கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள். மண்ணுக்காரன் ஜீவனுக்கு மண் தெரியவில்லை என்ற கதை திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிடும். “பார்த்துக்கலாம்க்கா” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிண்ணத்துத் தண்ணீரை அவன் தலையில் கொட்டியிருக்கவேண்டும்.

மாதவி வந்ததும் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், நீயாவது சொல்லித் தொலை, இல்லை நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு மண்ணில்தான் கோளாறு என்று எப்போதோ தோன்றிவிட்டிருக்கிறது. பக்கத்துச் சட்டியில் அதே விதை, அதே தண்ணீர், அது செழித்து நிற்கிறது. அவளுக்கென்ன கண் இல்லையா? “வேணாங்க்கா. அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் சிரிச்சிட்டாங்கன்னா தாங்கமாட்டாரு.” இப்படிச் சொல்லிவிட்டு அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். என் வாயைக் கட்டிப்போட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ஜீவனுக்குப் போன் அடித்தேன். ஒருநாள் சைட்டில் இருக்கிறேன் என்றான். ஒருநாள் எடுக்கவேயில்லை. ஒருநாள், திருவிழா முடிந்துவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றான். மறப்பார்களா? நாளைக்கு அந்தத் தாமானில் யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அந்த வருஷம் ஒருத்தி சட்டி முளைக்கவில்லையே என்றுதான் ஆரம்பிப்பார்கள். இதற்கிடையில் தனலெட்சுமி அக்கா மாதவியைத் தனியாகக் கூப்பிட்டு, மனசு நோகாமல்தான், இந்த வருஷம் நீ தூக்கவேண்டாம்மா, வருகிறவர்களுக்குச் சிராப், அந்த ரோஜா சர்பத், ஊற்றுகிற வேலையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். மாதவி சரிக்கா என்று தலையாட்டினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உறுமி மேளம் தொடங்கிவிட்டது. பெண்கள் மஞ்சள் சேலையில் வரிசை கட்டி நின்றார்கள். அறையிலிருந்து ஒவ்வொரு சட்டியாக வெளியே வந்தது. மாதவியும் மஞ்சள் சேலைதான் கட்டியிருந்தாள். பந்தலுக்கடியில் மேசைக்குப் பின்னால் நின்று, காகிதக் கப்பில் சிராப் ஊற்றி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனவர்களை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜீவன் ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது அன்றைக்குக் குழாயடியில் பேசினவள் வந்து கப்பை நீட்டினாள். மாதவி ஊற்றினாள். வாங்கினவள் வாய்வரை கொண்டுபோய், ஏதோ நினைத்தவள்போல் அப்படியே குடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். மாதவி அந்தக் கப்பை எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கீழே ஊற்றினாள். இதை ஜீவன் பார்த்தான்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தான். முளைப்பாரி அறையின் நிலைப்படிக்கு வெளியே, வரிசையின் முன்னால் நின்றான். “தனலெட்சுமிக்கா, உள்ள மூலையில இருக்கிற சட்டியில இருக்கிறது நான் கொண்டாந்த மண்ணு. மாதவி நர்சரியில வாங்கி வச்சிருந்தா. அத நான்தான் வேணாம்னேன்” என்றான். உறுமிக்காரர்கள் ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்தினார்கள். வடிகால் மண் புளித்துப்போன கதையை அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

தனலெட்சுமி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்ப்பா, மண்ணப் பார்த்துப் பேரு சொல்றதுதானே உன் வேலை? உனக்கே தெரியலையா?”

“தெரியலக்கா. மேல கறுப்பா இருந்ததப் பார்த்து நல்ல மண்ணுன்னுட்டேன். அடியில என்னா இருக்குன்னு பார்க்கல.”

ஆண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் கம்பெனி ஆட்களில் ஒருவன்தான். ஜீவனின் காது சிவந்துவிட்டது, ஆனால் நின்ற இடத்தை விட்டு அவன் நகரவில்லை. தனலெட்சுமி அக்கா அவனை விட்டுவிட்டு மாதவி பக்கம் திரும்பினார். ஆம்பளை கொண்டுவந்த மண் என்று நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். மாதவி ஜக்கை மேசைமேல் வைத்தாள். புருஷனைத்தான் பார்த்தாள்.

“உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு நான் வாயத் திறக்கல. என் பேரு கெட்டுக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரிய இத்தன நாளாச்சா?”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருந்தாலும் அங்கே எல்லாருக்கும் கேட்டது. என் தம்பிதான், நான் தூக்கி வளர்த்தவன்தான். ஆனாலும் அவனுக்காகப் பரிந்து பேச எனக்கு அன்று நாக்கு எழவில்லை.

அம்மனுக்கென்று பொதுவாக வளர்த்த சட்டி ஒன்று இருக்கிறது, அதை நீ தூக்கிக்கொள்ளம்மா என்று தனலெட்சுமி அக்கா அவசரமாகச் சொன்னார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. மாதவி வேண்டாம் என்று தலையசைத்தாள். “என்னோடதையே தூக்கிக்கிறேன்க்கா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். மூலையில் துணி போட்டு மூடியிருந்த சட்டியை எடுத்து, துணியை உருவிப் போட்டுவிட்டு, அந்தக் கருகிய நாலு முளையோடு வெயிலுக்குக் கொண்டுவந்தாள். தனலெட்சுமி அக்கா தன் சட்டியை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, மாதவிக்குச் சும்மாடு கூட்டி, தன் கையாலேயே அதை அவள் தலையில் ஏற்றினார். தன் சட்டியை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, வரிசையில் தனக்கு அடுத்தபடியாக அவளை நிறுத்திக்கொண்டார். மேளம் மறுபடி எழும்பியது.

ஜீவன் பக்கத்திலேயே நடந்து வந்தான். ஆற்றங்கரை வரைக்கும் மாதவி அவன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை.